பிஎச்பியில் ஃபோரீச் இருக்கும்போது, அரேயைச் சுற்றிவர இட்டரேட்டர் எதற்கு?

இட்டரேட்டர் என்பது, கேட்கக் கேட்க அடுத்த மதிப்பை ஒவ்வொன்றாகத் தரும் ஆப்ஜெக்ட். வெறும் அரே என்றால் பெரும்பாலும் அது தேவையில்லை. ஃபோரீச் லூப் போதும்.

யாரோ இன்டர்வியூவில் இதைக் கேட்டு உங்களை மடக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் கேட்டார்கள். கரண்ட், கீ, நெக்ஸ்ட், ரீவைண்ட், வேலிட் என்று இட்டரேட்டரின் ஐந்து மெத்தடையும் ஒப்பித்தேன், வேலையும் கிடைத்தது. அவை எதற்கு என்பது மட்டும் தெரியாது.

தெரிந்தது ஒரு ஜவுளிக்கடையின் சரக்குப் பட்டியலை ஏற்றியபோது. சிஎஸ்வி கோப்பு, நான்கு லட்சம் வரி. ஒவ்வொரு வரியாகப் படித்து ஒரு பெரிய அரேயில் போட்டு, அப்புறம் ஃபோரீச். என் லேப்டாப்பில் மெமரி வரம்பைத் தூக்கி வைத்திருந்ததால் ஓடிவிட்டது. சர்வரில் 13,42,17,728 பைட்டும் தீர்ந்தது என்று விழுந்தது. அதாவது வழக்கமான 128 எம்பி.

இட்டரேட்டர் போட்டால் மெமரி மிச்சம் என்று எங்கோ படித்த ஞாபகம். அந்த அரேயைத் தூக்கி, அரேயைச் சுற்றிவரும் ரெடிமேட் கிளாஸான அரேஇட்டரேட்டருக்குள் வைத்தேன். அதே வரி, அதே எர்ரர். பின்னே? லோடு மொத்தத்தையும் குடோனில் இறக்கிய பிறகு வாசலில் ஆள் நிறுத்தி என்ன பயன்?

கடைசியில், அரேயில் சேர்க்கும் வரியை எடுத்துவிட்டு அங்கே ஈல்ட் போட்டேன்; ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கேட்கும்வரை ஃபங்ஷனை நிறுத்திவைப்பது அது. ஃபங்ஷன் ஜெனரேட்டராகிவிட்டது. அதுவும் ஒரு இட்டரேட்டர்தான். 2013இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதிதான். ஃபோரீச்சைத் தொடவே இல்லை; ஒரு நேரத்தில் ஒரு வரிதான் மெமரியில்.

அதிலும் ஒரு அடி வாங்கினேன். 'மொத்தம் இத்தனை' என்று காட்ட முதலில் ஒரு சுற்று எண்ணிவிட்டு, அதே ஜெனரேட்டரை மறுபடி ஃபோரீச்சில் கொடுத்தால் எக்ஸெப்ஷன். ஓடி முடிந்ததைத் திருப்ப முடியாது. ஃபங்ஷனை மறுபடி அழைத்துப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அரேயின் எண்ணிக்கையைச் சொல்லும் கவுன்ட் ஃபங்ஷனும் ஜெனரேட்டர்மேல் செல்லாது.

எஸ்பிஎல் (அரேஇட்டரேட்டர் போன்றவை இருக்கும், பிஎச்பியோடு வரும் லைப்ரரி) அபிமானிகள் சண்டைக்கு வர வேண்டாம். சொந்த கிளாஸை ஃபோரீச்சில் ஓடவிட, அதன் கெட்இட்டரேட்டர் மெத்தடிலிருந்து அரேஇட்டரேட்டரைத் திருப்பி அனுப்புவது நல்ல வழிதான், நானும் செய்கிறேன். நான் சொல்வது வெறும் அரேயைப் பற்றி மட்டும்.

இத்தனைக்கும் பாக்கி எட்டாயிரத்தைக் கேட்டதற்கு "தீபாவளி முடியட்டும் தம்பி" என்றார் கடைக்காரர். இரண்டு தீபாவளி போய்விட்டது. பட்டியல் மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது.