மலையை வெட்டினால் காற்றும் மாறும்: சிவில் படிக்கும் மகளுக்கு ஒரு வழி

வணக்கம் அம்மா. "சிவில் இன்ஜினியரிங் படிக்கிற பெண், காற்றைப் பற்றி மேலே படிக்கப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அதிலும் சிவில் படித்தவருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

சாயங்காலம் கடற்காற்று வீசும்போது மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காற்றே தெரியாது, சருகுகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எழுந்து நின்றால் முகத்தில் அடிக்கும். மலைமுகட்டிலும் இதுதான் நடக்கிறது. சரிவில் ஏறும் காற்று முகட்டில் நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கும். அதை நம்பித்தான் அங்கே காற்றாலை நிறுவுகிறார்கள். ஆனால் கிரேன் நிற்க இடம் வேண்டும், 60, 70 மீட்டர் நீள இறக்கைகளைக் கிடத்த வேண்டும். அதற்காக முகட்டைச் சீவிச் சமப்படுத்துகிறார்கள், சாலை வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டுகிறார்கள். சீரான சரிவு செங்குத்து விளிம்பாகிவிட்டால், காற்று தரையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். அந்தச் சுழல் இறக்கை வரை எட்டினால், மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம் என்று ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை வளைந்து நிமிரும், ஆயுள் குறையும். மின்சாரத்திலும் அடி பலம். காற்றின் வேகம் 10 சதவீதம் குறைந்தாலே அதிலுள்ள ஆற்றல் 27 சதவீதம் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றை அளக்கும் கம்பத்தைப் பெரும்பாலும் மலையை வெட்டுவதற்கு முன்பே நட்டு அளந்துவிடுகிறார்கள். வெட்டிய பிறகு இருப்பது வேறு மலை. எவ்வளவு ஆழம் வெட்டலாம், காற்று வரும் பக்கத்தில் விளிம்பை எப்படிச் சாய்க்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட, மண்வேலையும் தெரிந்து காற்றோட்டமும் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கு நான் இதைச் சொல்வது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? கல்லூரியில் பாய்ம இயக்கவியலை, அதாவது காற்றும் நீரும் எப்படி ஓடுகின்றன என்ற பாடத்தை, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் ஊன்றிப் படிக்கட்டும். ஓப்பன்ஃபோம் என்பது காற்றோட்டத்தைக் கணக்கிடும் இலவச மென்பொருள், வீட்டுக் கணினியிலேயே ஒரு சிறு குன்றின் மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கலாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளில் பாய்ம இயக்கவியல் ஒரு பிரிவு. தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் நம் பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது, அங்கே பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முப்பந்தல் போன்ற நம்மூர்க் காற்றாலைகள் பெரும்பாலும் கணவாயை ஒட்டிய சமவெளியில் இருப்பவை. முகட்டு வேலைக்கு மகாராஷ்டிரத்தின் சாத்தாரா போன்ற மலைப்பகுதிகளுக்குப் போக வேண்டிவரும். பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்புவதா என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி கணினி முன்தான், களத்துக்கு அவ்வப்போது சில நாட்கள். இடங்களும் நிறைய இல்லை, அதனால் கட்டுமானப் பாடங்களை அவள் விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள் அம்மா, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எந்தக் குன்றை எடுக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.