போர்டில் ஆபீஸ் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 27. வீடு காவேரிப்பட்டணம், வேலை கிருஷ்ணகிரியில், ஐந்து ரோடு ரவுண்டானாவுக்குப் பக்கத்தில். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அலுத்துவிட்டது. பெரிய காற்று டயர் போட்ட ஆல் டெரெய்ன் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று பார்க்கிறேன். ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர் போகும், வேகமும் 40 வரை வரும் என்று போட்டிருக்கிறார்கள். வாரநாளில் ஆபீஸுக்கு, ஞாயிற்றுக்கிழமை டேம் பக்கம் சுற்ற, இரண்டுக்கும் இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?
(காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கலாம் தம்பி. திங்கட்கிழமைக்கு வேண்டாம்.

முதலில் அந்த 40 கிலோமீட்டர். அது ஒல்லியான ஆள், சமதளமான தார் ரோடு, நிதானமான ஓட்டம் என்று எல்லாம் கூடி வரும்போது கிடைக்கிற கணக்கு. அதை விட்டுவிட்டு பேட்டரி எத்தனை வாட் ஹவர் (எவ்வளவு கரண்டு பிடிக்கும் என்கிற அளவு) என்று பாருங்கள். காற்று டயர் போர்டு கிலோமீட்டருக்குச் சுமார் 20 வாட் ஹவர் தின்னும், மண் பாதையில் இன்னும் கூடும். 600 வாட் ஹவர் பேட்டரி என்றால் 30 கிலோமீட்டர், அதையும் அடிவரை உறிஞ்சாமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால் 24. ஏற்றம் வந்தால் இதுவும் குறையும். நீங்கள் ஒரு 75 கிலோ, போர்டு 15, பையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 5 என்று வைத்தால் ஆக 95 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 26 வாட் ஹவர் வேண்டும். மோட்டாரிலும், அதிலிருந்து சக்கரத்தைச் சுழற்றுகிற பெல்டிலும் வீணாவதைச் சேர்த்தால் 35 பக்கம் போய்விடும். நூறு மீட்டர் ஏற்றம் ஏறினால் சமதளத்தில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போகிற சார்ஜ் காலி. சரி, உங்களுக்கு ஒரு வழிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, ஆபீஸில் ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தால் இந்தக் கவலை தீர்ந்தது. ஒரு முழு சார்ஜுக்கு ஒரு யூனிட் கரண்டுகூட ஆகாது.

ஆக தூரம் பிரச்சினை இல்லை. பிரச்சினை நிறுத்துவதில்தான். இந்தப் போர்டில் காலுக்கும் பிரேக் இல்லை, கைக்கும் பிரேக் இல்லை. கையில் ஒரு ரிமோட், அதில் கட்டைவிரலுக்கு ஒரு சின்ன உருளை. முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் மோட்டாரே பிரேக் பிடிக்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது குறுக்கே ஆடு ஒன்று வந்தால், அதைப் பார்த்து விரல் அசைவதற்குள் எட்டு மீட்டர் ஓடியிருக்கும், அப்புறம் நிற்க இன்னும் பன்னிரண்டு மீட்டர் பிடிக்கும். இரண்டும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறோம், பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, அதனால் இறுக்கிப் பிடிக்கலாம். போர்டில் நின்றுகொண்டு அதற்கு மேல் இறுக்கினால் போர்டு நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மோட்டார் பிரேக் வண்டியின் ஓட்டத்தைக் கரண்டாக மாற்றிப் பேட்டரிக்குள் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி ஏற்கெனவே முழுசாக நிறைந்திருந்தால் அந்தக் கரண்டு எங்கே போகும்? போக இடமில்லாமல் சில போர்டுகளில் பிரேக் பலவீனமாகும், சிலவற்றில் அறுந்தே போகும். வீட்டில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து, எடுத்த எடுப்பில் இறக்கத்தில் விடக்கூடாது என்பது அதனால்தான். தொப்பூர் கணவாய் பக்கமெல்லாம் இந்தப் போர்டோடு தலைகாட்டவே வேண்டாம், அங்கே லாரிக்கே பிரேக் நிற்பதில்லை.

அப்புறம் ரோடு. எட்டு அங்குலச் சக்கரம் ஸ்கேட்போர்டு உலகத்தில் பெரிய சக்கரம், நம்மூர்க் குழிக்கு முன்னால் அது குழந்தை. அரையடிக்குக் கொஞ்சம் கூடின சக்கரம் இரண்டங்குலப் பள்ளத்தைச் சமாளித்துவிடும், நாலங்குலப் பள்ளத்தில் உங்களைத் தூக்கி முன்னால் எறியும். தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, கிரானைட் லாரியும் பெங்களூர் பஸ்ஸும் போகிற பாதையில் ஸ்கேட்போர்டில் நிற்பது தற்கொலை. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற பைக், ஓரத்தில் ஒதுங்கின ஜல்லி, துரத்துகிற நாய். உள்ரோட்டில் போகலாம் என்றால் அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் தாம்புக்காக ரோட்டிலேயே பரப்பிவிடுகிறார்கள். மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போவதுதான் அவர்களுக்கு வேண்டியது. உங்கள் போர்டு ஏறினால் கொள்ளுக்கொடி அச்சில் சுற்றி, பெல்டுக்குள் நுழைந்து, நட்டநடுவே பூட்டிக்கொள்ளும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடிய பேட்டரி வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விலக்கு உண்டு. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதுவும் இருசக்கர வண்டியை மனதில் வைத்து எழுதியது. உங்கள் போர்டுக்கு நாலு சக்கரம், இரண்டு மோட்டார், ஒவ்வொன்றும் ஆயிரம் வாட்டுக்கு மேல். நம்பர் பிளேட் வாங்கவும் வழியில்லை, இன்சூரன்ஸ் எடுக்கவும் வழியில்லை. யார்மேலாவது மோதினால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். போலீஸ் பிடிக்குமா பிடிக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

காசைப் பற்றி ஒரு வரி. நல்ல போர்டு, சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்ந்தால் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விலையைத் தொடும், தாண்டவும் தாண்டும். அந்த ஸ்கூட்டரை ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உங்கள் மாவட்டத்திலேயே செய்கிறார்கள். ஆபீஸுக்கு அதை வாங்குங்கள், மழைக்கும் ஆகும், பின்னால் ஒருத்தரை உட்காரவைத்தும் போகலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், மண்ணில் அது தருகிற சுகமே வேறு. பெங்களூர் நண்பர் ஒருவர் கொண்டுவந்திருந்த போர்டில், தென்பெண்ணைக் கரையோரம் ஒரு மாந்தோப்பு வழியில் ஓட்டிப் பார்த்தேன். செம்மண் இறுகிக் கிடக்கிற டிராக்டர் தடத்தில் சத்தமே இல்லாமல் போகிறது, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலில் அழுத்தினால் ஒரு பக்கம், முன்பாதத்தில் அழுத்தினால் மறுபக்கம், கிளிமூக்கு மாமரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சரளைக்கல்லின் அதிர்வு பாதத்துக்கு வருவதற்குள் பாதியாகிவிடுகிறது (ரொம்ப இறக்கினால் டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும், டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவைவிட மிகக் கீழே போகாதீர்கள்). வேகம் இருபதைத் தாண்டவே இல்லை, தாண்டத் தோன்றவும் இல்லை. தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள், காய்ப்புக் காலத்தில் காவல் இருக்கும், கேட்காமல் நுழைந்தால் திருடன் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

முள்ளைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் திட்டிக் கடிதம் எழுதுவீர்கள். வேலிக்காத்தான் முள் இந்த டயரை ஊசியைப் போல் துளைக்கும். உள்ளே டியூப்தான், சாதாரண சைக்கிள் கடைக்காரரே ஒட்டிக் கொடுப்பார், ஆனால் சக்கரத்தை நீங்கள் கழற்றிக் கொடுக்க வேண்டும். பல மாடல்களில் ரிம் இரண்டு பாதியாக, போல்ட் போட்டு இணைத்ததாக இருக்கும். காற்றை முழுசாக இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். காற்றடிக்கவும் பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரை நம்பாதீர்கள், இவ்வளவு சின்ன டியூபுக்கு ஒரு நொடி அதிகமானாலே போதும், வெடித்துவிடும். அளவுமானி வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் எவ்வளவு வேகம் போகிறது என்று பார்க்காதீர்கள். தரையில் ஒரு கோடு கிழித்து, 25-ல் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் இழுத்து, எங்கே நிற்கிறது என்று அடி வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் போர்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி இறங்குங்கள். பாதி ஆசை அங்கேயே இறங்கிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நண்பன் வைத்திருக்கிறான், எனக்கும் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
(பாலக்கோடு வாசகி)

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. மோட்டார் இல்லாத சாதாரண லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஒன்று சில ஆயிரத்தில் கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். எந்தக் கால் முன்னால் வைத்தால் அவனுக்கு வசதி, எப்படித் திரும்புவது, முக்கியமாக எப்படி விழுவது என்பதையெல்லாம் அதில் கற்றுக்கொள்ளட்டும். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம், அதனால் முதலில் உடைவது மணிக்கட்டு. போர்டோடு சேர்த்து மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் ஹெல்மெட்டும் வாங்கிவிடுங்கள், அவை இல்லாமல் போர்டைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். பள்ளி மைதானத்தில் விடுமுறை நாளில் ஓட்டட்டும், தெருவில் வேண்டாம். ஒரு வருடம் கழித்தும் அந்த ஆசை இருந்தால், வேகத்தைப் பூட்டி வைக்கிற ஆரம்ப மோடு உள்ள மின்போர்டைப் பார்க்கலாம். பெரும்பாலும் அதற்குள் கிரிக்கெட் பேட் கேட்பான்.

கேள்வி: பெல்ட் டிரைவா, ஹப் மோட்டாரா? எது நமக்குச் சரி?
(ஓசூர் வாசகர்)

பதில்: ஹப் மோட்டார் என்றால் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், பராமரிப்பு குறைவு, சத்தம் இல்லை. ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், சூடும் ஆகும். மண்ணுக்கும் மேட்டுக்கும் பெல்ட்தான் என் ஓட்டு. அதில் சரளை சிக்கி ‘கரக்’ என்று கேட்கும்போது உடனே நிறுத்தி பெல்ட்டின் பல்லிடுக்கில் குச்சி விட்டு எடுத்துவிட வேண்டும், விட்டால் பெல்ட் அறுந்துவிடும். வாங்கும்போதே கூடுதலாக இரண்டு ஜோடி பெல்ட் வாங்கி வையுங்கள். பெல்டுக்குப் பதில் பல்சக்கரம் வைத்த கியர் டிரைவும் இருக்கிறது, தூசு புகாமல் மூடியிருக்கும், விலைதான் கூட. எந்த வகையானாலும் கம்பெனி தொடர்ந்து உதிரிபாகம் தருமா என்று பாருங்கள். அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த பூஸ்டட் என்கிற எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு கம்பெனி 2020-ல் மூடிக்கொண்டது, வாங்கினவர்கள் பெல்டுக்கும் பேட்டரிக்கும் அலைந்தார்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் விடுமுறைக்கு வருகிறார். போர்டை அவர் கையோடு கொண்டுவரச் சொல்லலாமா?
(தருமபுரி, நாலு ரோடு வாசகர்)

பதில்: முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் ஏற்ற முடியாது, செக்-இன் பெட்டியிலும் ஏற்ற முடியாது. உங்கள் போர்டின் பேட்டரி அதைப் போல மூன்று நாலு மடங்கு. மறைத்து எடுத்துவந்தால் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டு மச்சான் முழிப்பார், வீட்டில் தங்கச்சி உங்களைப் பார்த்து முழிப்பார். ஆபத்தான சரக்கு என்று முறையாகப் பதிந்து அனுப்புகிற கார்கோதான் வழி.

கேள்வி: தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, மழையில் ஓட்டலாமா?
(பர்கூர் வாசகர்)

பதில்: ஐபி 54, ஐபி 55 (தூசு, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருந்தால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், தேங்கின தண்ணீரில் இறக்கலாம் என்றில்லை. போர்டு தாங்கினாலும் உள்ளங்கையளவு டயர் ஈரத் தாரிலும், ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டிலும் வழுக்கும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டால் இறங்கி நடங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்துவிட்டு உடனே சார்ஜ் போடாதீர்கள், காய்ந்து ஆறட்டும். கிரானைட் தூளும் தண்ணீரும் சேர்ந்தால் பேரிங்கை அரைத்துவிடும், அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டினால் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், நறநறவென்று கேட்டால் பேரிங்கை மாற்றிவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும்.