கேளுங்கள் சொல்கிறேன்: ஆற்றங்கரையைச் சிரைக்கலாமா?

கேள்வி: வழுக்கியாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கரை முழுக்கத் தாழையும் பற்றையும். ஜேசிபி பிடித்து இரண்டு கரையையும் வெளியாக்கி, நடைபாதையும் குந்தியிருக்க வாங்கும் போடலாம் என்று சனசமூக நிலையத்தில் பேசுகிறார்கள். பாம்புப் பயம் போகும், பிள்ளைகள் விளையாட இடமும் கிடைக்கும். நல்ல வேலைதானே ஐயா?
– வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: நடைபாதை நல்ல வேலை. வாங்கு அதைவிட நல்லது, என் முழங்கால் சாட்சி. ஜேசிபிதான் வேண்டாம் பிள்ளை.

இதே பிழையை ஒருமுறை நானே முன்னுக்கு நின்று செய்தேன். வேறு ஊர், குளக்கரை. சிரமதானம் என்று முப்பது பேர் திரண்டு ஒரே நாளில் பற்றை முழுவதையும் வெட்டி எரித்தோம். கரை மொட்டையாகப் பளிச்சென்று இருந்தது. வரிசையாக நின்று படமும் எடுத்தோம். ஐப்பசி பிறந்து மூன்றாவது மழைக்கே கரை இடிந்து, நாங்கள் படத்துக்கு நின்ற இடம் குளத்துக்குள் போய்விட்டது. அடுத்த கோடையில் இறங்கிப் பார்த்தால் முழங்கால் வரைக்கும் சேறு.

வெள்ளம் வடிந்த மறுநாள் தாழையடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். விழுதுகளுக்கிடையில் சருகும் வைக்கோலும் செம்பாட்டு மண்ணும் படைபடையாகச் செருகிக் கிடக்கும். விரலால் சுரண்டினால் மா மாதிரி வரும். அது யாரோ ஒருவருடைய தோட்டத்து மேல்மண். தாழை மறிக்காவிட்டால் நேரே அராலிக்குப் போய்க் கடலேரியில் விழுந்திருக்கும்.

கிணற்று விஷயம் இதைவிடப் பெரிது. யாழ்ப்பாணத்தில் நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விழுவது வெடிப்பு வழியாகச் சுறுக்காகக் கீழே போய்விடும், தோட்டத்து யூரியாவும் நைத்திரேற்றாக மாறிக் கூடவே போகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. சருகு மக்கி ஈரமாகக் கிடக்கும் கரைமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நைத்திரேற்றில் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். மரவேர்களும் கொஞ்சம் உறிஞ்சும். முழுவதையும் பிடிக்காது, உரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற வடிகட்டியையும் ஏன் தூக்கி எறிவான்?

பாம்பு போனால் எலி வரும். வயற்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மீன்கொத்திக்கும் தண்ணீருக்கு மேலே நீட்டிய ஒரு கொப்பு வேண்டும், மொட்டைக் கரையில் அது எங்கே குந்தும்?

சரி, என்ன செய்யலாம்? பாதையைக் கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, வயற்பக்கமாகப் போடுங்கள். கொங்கிறீற் வேண்டாம், கிரவல் போதும். மதகடியில் ஏற்கெனவே வெளியாக இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீருக்கு இறங்க வழி விடுங்கள், வாங்கையும் அங்கேயே வையுங்கள். வெறுமையான இடங்களில் மாரி தொடங்கும்போது மருதும் புங்கும் நாவலும் நடுங்கள். துப்புரவு செய்தே ஆகவேண்டும் என்று கை துடிப்பவர்களுக்குச் சொப்பின் பை, பம்பர்ஸ், பூக்க முதல் பிடுங்கவேண்டிய பார்த்தீனியம் எல்லாம் இருக்கின்றன. ஒரு மாதத்துக்குப் போதுமான வேலை.

கேள்வி: வருடம் முழுக்க ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆற்றங்கரைக் காடு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போவது?
– வாசகர், கொக்குவில்

பதில்: வன்னிக்குப் போங்கள். கனகராயன் ஆறுதான் இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவருவது. அந்தப் பக்கத்து ஆற்றங்கரைகளில் மருத மரங்களைப் பார்க்கலாம், வெளிறிய வழுவழுப்பான பட்டையைப் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். பறவைகளுக்குச் சுண்டிக்குளம். 1938 இல் சரணாலயமாக்கி, 2015 இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றில் குளிக்கிற யோசனை இருந்தால் சவர்க்காரத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.