காலமான தந்தையின் எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டர்: முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1958-ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டர் (இரண்டு இருக்கை கொண்ட, கூரை திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று 24,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. "முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, இன்ஜின் அசல், எண்கள் பொருந்தும்" என்பது விளம்பரம். விற்பவர் வியாபாரி அல்லர். கார் காலமான அவருடைய தந்தையுடையது, லாக் புக் (வண்டியின் பதிவுப் புத்தகம்) இன்னும் தந்தை பெயரில்தான் இருக்கிறது. "பார்த்தபடி விற்கப்பட்டது, பிறகு பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்தும், உடனடியாக 2,000 பவுண்டு முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விற்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதே உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

வி5சி எனப்படும் லாக் புக் உரிமைப் பத்திரம் அன்று. அது உரிமைக்குச் சான்றாகாது என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தந்தை இறந்தபின் அவருடைய சொத்தை விற்கும் அதிகாரம் உயிலை நிறைவேற்றுபவருக்கோ, உயில் இல்லையெனில் நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகிக்கோதான் உண்டு. மகன் என்ற உறவு மட்டும் போதாது. ஆகவே அந்த அதிகாரத்தை உறுதிசெய்யும் புரொபேட் எனப்படும் நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேளுங்கள், உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். உரிமையில்லாதவரிடம் வாங்கினால் கார் கைவிட்டுப் போகலாம். அப்போது 1979-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், "பொறுப்பில்லை" என்ற தாள் அந்த உரிமையைத் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் பணம் அவரிடம் மிச்சமிருந்தால்தான் அந்த உரிமைக்குப் பயன்.

அடுத்தது விளம்பர வாசகம். தனியார் விற்பனையில் வண்டியின் தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் தருவதில்லை. துரு, கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் நீங்கள் பரிசோதித்து வாங்க வேண்டியவை. ஆனால் சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்தியாக வேண்டும் என்ற, அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தனியாருக்கும் பொருந்தும். இதற்கு எனக்குப் பிடித்த வழக்கு 1967-இல் தீர்ப்பான பீல் எதிர் டெய்லர். வெள்ளை நிற 1961 ஹெரால்டு கன்வெர்ட்டிபிள் (கூரையைத் திறக்கக்கூடிய கார்) என்று விளம்பரம். வாங்கியவர் நேரில் பார்த்தார், பின்புறத்தில் "1200" என்ற வில்லையையும் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, பின்பாதி மட்டுமே 1961 மாடல், முன்பாதி அதற்கு முந்தைய வேறொரு ஹெரால்டு, நடுவில் பற்றவைப்பு. விற்றவருக்கும் அது தெரியாது. இருந்தும், நேரில் பார்த்து வாங்கியிருந்தாலும் வர்ணனையை நம்பித்தான் வாங்கினார் என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இதை வைத்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1957-இல் ஆஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில், பதிவுப் புத்தகத்தை நம்பி 1939 மாடல் மோரிஸ் காரை 1948 மாடல் என்று ஒருவர் ஒரு வியாபாரியிடம் விற்றார். விற்றவர் சொன்னது உத்தரவாதமாகாது என்று முடிவாயிற்று. அங்கே வாங்கியவர் தொழில் தெரிந்த வியாபாரி, நீங்கள் அப்படியல்லர் என்பது உங்களுக்குச் சாதகம். ஆயினும் "அப்பா அப்படித்தான் சொன்னார்" என்று விற்பவர் பின்வாங்க இடம் கொடுக்காமலிருக்க, விளம்பர வாசகத்தை அப்படியே ரசீதில் எழுதி வாங்குவதே வழி. விளம்பரத்தைத் தேதியோடு படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

"எண்கள் பொருந்தும்", அதாவது தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின்தான் இன்னும் இருக்கிறது என்பதை எப்படிச் சரிபார்ப்பது? எம்.ஜி.ஏ.வில் இன்ஜின் எண், பிளாக்கில் (இன்ஜினின் முக்கிய வார்ப்புப் பகுதி) ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் பொருத்துவது கடினமில்லை. எனவே ரிவெட்டுகள் புதிதாக மின்னுகின்றனவா, தகட்டைச் சுற்றியுள்ள பெயின்ட் எப்படி இருக்கிறது என்று விவரமறிந்த மெக்கானிக் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பதிவை அடிப்படையாகக் கொண்ட பாரம்பரியச் சான்றிதழைக் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் வழங்குகிறது. அதிலுள்ள எண்ணும் தகட்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் கார்களில் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்குப் போயின. அங்கிருந்து திரும்பி வந்து, ஸ்டீயரிங் வலப்புறம் மாற்றப்பட்ட கார் என்றால் சான்றிதழ் அதையும் காட்டிக்கொடுக்கும். அப்படி மாற்றியது குற்றமல்ல, சொல்லாமல் "அசல்" என்பதுதான் வம்பு.

நாற்பது ஆண்டு தாண்டிய கார் என்பதால், பெரிய மாற்றம் செய்யப்படாதிருந்தால் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. அதை விற்பவர் ஒரு சிறப்பாகச் சொன்னால் மயங்க வேண்டாம். சாலைக்குத் தகுதியான நிலையில் ஓட்டும் பொறுப்பு உங்களுடையதே. விருப்ப அடிப்படையில் ஒரு பரிசோதனை செய்து தரச் சொல்லலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், முன்பணத்துக்குத் தனி ரசீது வாங்குங்கள்: உரிமையோ இன்ஜின் எண்ணோ பொருந்தாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று அதில் விற்பவரின் பெயர், முகவரியுடன் இருக்கட்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டுக்கு உட்பட்ட கோரிக்கையைச் சிறு வழக்குப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்திவிடலாம், முழு விலைக்கான சண்டை அப்படியல்ல. புரொபேட் நகலைக் காட்டத் தயங்கினால், காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.