ஆர்எம் ரசீது(1).பிடிஎஃப்: கோப்பு இருந்தும் டெர்மினல் ஏன் எரர் காட்டுகிறது?

உபுண்டுவில் பாஷ் ஷெல், பிரவுசர் இறக்கிய ரசீது(1).பிடிஎஃப். ஆர்எம் போட்டு அதை அழிக்கப் போனால் ‘(’ அருகே சின்டாக்ஸ் எரர் என்று வருகிறது, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டால் கோப்பு அங்கேயேதான் இருக்கிறது என்கிறீர்கள்.

ஆர்எம் மேல் தப்பில்லை. அது இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அடித்த வரியை முதலில் படிப்பது ஷெல். அதற்கு ( என்பது எழுத்தில்லை, இலக்கணக் குறி. (சிடி /டிஎம்பி; எல்எஸ்) என்று அடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது தனி சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் ஒரு கிளையில் ஓடும். முடிந்ததும் நீங்கள் பழைய ஃபோல்டரிலேயே இருப்பீர்கள். அந்த வேலைக்கான குறி கோப்புப் பெயரின் நடுவில் வந்தால் பாஷ் குழம்பத்தான் செய்யும்.

சரி, தீர்வு? பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்: ஆர்எம் 'ரசீது(1).பிடிஎஃப்'. இல்லையென்றால் ஒவ்வொரு அடைப்புக்குறிக்கு முன்னும் ஒரு \ வையுங்கள். இரட்டை மேற்கோளும் அடைப்புக்குறியை அடக்கும், ஆனால் அதற்குள் $ போன்ற சில குறிகள் உயிரோடு இருக்கும். எக்கோ "விலை $500" என்று அடித்தால் ‘விலை 00’ என்றுதான் வரும். $5 என்பதை பாஷ் ஐந்தாவது ஆர்கியுமென்ட் (ஷெல்லுக்குக் கூடவே கொடுக்கும் மதிப்பு) என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடம் காலி. ஒற்றை மேற்கோளுக்குள் இந்த வம்பே கிடையாது.

எரர் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் புதுக் கணக்குகளுக்கு இசட்ஷெல்தான் டீஃபால்ட். அதில் இதே வரியை அடித்தேன்; எரர் எதுவும் வரவில்லை. அங்கே பெயருக்கு நடுவில் வரும் (1) ஒரு பேட்டர்ன். ‘1’ என்ற எழுத்தோடு பொருந்தும், அவ்வளவுதான். என் ஃபோல்டரில் ரசீது1.பிடிஎஃப் என்று வேறொன்று இருந்தது. போனது அது. அழிக்க நினைத்த கோப்பு அலுங்காமல் அப்படியே இருந்தது.

கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் மட்டும் கதை தலைகீழ். நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்ட அதற்கே அடைப்புக்குறி தேவை. ஷெல் நடுவில் விழுங்கிவிடாமல் இருக்கத்தான் \( \) என்று எழுதுகிறார்கள்.

அப்புறம், பெயர் முழுவதையும் கையால் அடிக்காதீர்கள். முதல் இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினால் தேவையான \ எல்லாவற்றையும் ஷெல்லே போட்டுக்கொள்ளும்.