ஏழரை மணிக்கு வீட்டில்: சைக்கிள் பந்தயமும் குடும்பமும், கேள்வி பதில்

எனக்கு வயது 44. சென்னையில் அலுவலக வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பா. பதினோரு வருடமாக ரோட் பைக், அதாவது பந்தய சைக்கிள், ஓட்டுகிறேன். வருடத்துக்கு ஐந்தாறு பந்தயம், பெரும்பாலும் டைம் டிரையல் (ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி). ஒரே ஒரு முறை மூன்றாவது இடம் வந்திருக்கிறேன். அன்றைக்கு என் வயதுப் பிரிவில் வந்தவர்களே ஏழு பேர். ஆகவே ‘ஜெயிப்பது எப்படி’ என்று கேட்டவர்களை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். வீட்டையும் சைக்கிளையும் சேர்த்து ஓட்டுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி (வேளச்சேரி): ஐடி வேலை, இரண்டு வயதுக் குழந்தை. வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. இதை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட முடியுமா?

எந்தப் பந்தயம் என்பதுதான் விஷயம். 40 கிலோமீட்டர் டைம் டிரையல், ஒரு மணி நேர கிரிட்டீரியம் (சின்னச் சுற்றுப்பாதையில் பல சுற்று ஓடும் பந்தயம்) என்றால் தாராளமாகப் போதும். எட்டு நாள் மலையேறும் ஓட்டம் என்றால் போதாது.

என் கணக்கு இது. செவ்வாய் காலை டிரெய்னரில் (வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கும் ஸ்டாண்ட்) ஒரு மணி நேரம்: இருபது நிமிடம் இரண்டு முறை, ஒரு மணி நேரம் முழுக்கத் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்துக்குச் சற்றே கீழே. வியாழன் இன்னொரு மணி: நான்கு நிமிடம் மூச்சு முட்ட, நான்கு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. இதைத்தான் இன்டர்வெல் என்போம். ஞாயிறு மூன்று மணி நேரம் ரோட்டில். மிச்சமிருக்கும் ஒரு மணியை எமர்ஜென்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு எப்படியும் ஒரு நாள் காய்ச்சல் வரும். மற்ற நாட்களில் சைக்கிளைத் துடைக்கலாம்.

நேரம் குறைவு என்பதால் எல்லா நாளும் வெறியோடு ஓட்டுவதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. ஞாயிறு ஓட்டம் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்க வேண்டும். ஈசிஆரில் யாராவது ஒருவர் முட்டுக்காடு பாலத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று மிதிப்பார், மொத்தக் கூட்டமும் பின்னால் பறக்கும். விட்டுவிடுங்கள், போகட்டும். அந்தப் பாலத்தில் மெடல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி (ஒரு மனைவி, அண்ணா நகர்): கணவர் ஞாயிறு விடியற்காலை நாலரைக்குப் போனால் ஒன்பதரைக்கு வருகிறார். வந்ததும் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் என் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது?

வந்த கேள்விகளிலேயே இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். என்னிடமும் இந்தக் கேள்வி வந்ததுண்டு. ஆனால் வீட்டில் இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்கவில்லை.

முதலில் அந்த ஐந்து மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். அவர் ஓட்டுவது தொண்ணூறு கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றேகால் மணி நேரம்தான் சக்கரம் சுற்றுகிறது. மிச்சம் எங்கே? ஆள் வரக் காத்திருந்தது, ஒருவருக்குப் பஞ்சர் என்று எட்டு பேர் சுற்றி நின்றது, அப்புறம் பொங்கல் வடை. அந்தப் பொங்கல் ஒரு மணி நேரம் ஓடும். ஃபில்டர் காபி இரண்டாவது ரவுண்டு வரும்போது யாராவது பல் சக்கரம் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். எனக்கும் அந்த மேஜை பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அது பயிற்சி இல்லை. மாதம் ஒரு முறை அதற்கென்று கேட்டுக்கொண்டு உட்காரலாம், வாரா வாரம் பயிற்சிக் கணக்கில் எழுதக் கூடாது.

இரண்டாவது, அந்தத் தூக்கம். பெரும்பாலும் அது ஓட்டிய களைப்பு மட்டும் இல்லை, ஓட்டும்போது ஒன்றும் சாப்பிடாத களைப்பு. மூன்று மணி நேரத்தை வெறும் தண்ணீரில் ஓட்டிவிட்டு, வந்து ஒரு தட்டு பொங்கலைப் போட்டால் கண் சொருகத்தான் செய்யும். மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருபத்தைந்து கிராம் கிடைக்கும். பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் கரைத்தால் மிச்சத்துக்கு ஆயிற்று. கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கி. சென்னைப் புழுக்கத்தில் இரண்டு கிலோ போவது சாதாரணம். நான் இதைச் சரிசெய்த பிறகு பகல் தூக்கம் இருபது நிமிடத்தில் நின்றது.

மூன்றாவதுதான் முக்கியம். சில வருடம் முன்பு ஒரு ஞாயிறு, மகளை எங்கோ கூட்டிப்போவதாக இருந்தது. ‘ஏழரைக்கு வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவன் ஒன்பது பத்துக்கு வந்தேன். அவள் மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். ஷூ போட்டு, லேஸ் கட்டி, தலை வாரி. அழவில்லை. ‘பஞ்சராப்பா?’ என்று மட்டும் கேட்டாள். பஞ்சர் இல்லை. இரண்டாவது காபி.

அன்றிலிருந்து ஏழரை என்றால் ஏழரை. எங்கள் வீட்டில் என் சைக்கிளுக்கே இப்போது ‘ஏழரை’ என்றுதான் பெயர். சனி பகவான் மன்னிக்கட்டும். எத்தனை மணி நேரம் போகிறோம் என்பதைவிட, எத்தனை மணிக்கு வருவோம் என்று நம்ப முடியாமல் இருப்பதுதான் வீட்டில் இருப்பவரைக் கொல்கிறது. அவர்களால் ஒரு திட்டமும் போட முடிவதில்லை. உங்கள் கணவரிடம் ‘ஓட்டாதே’ என்று சொல்லாதீர்கள், வேலைக்கு ஆகாது. ‘வரும் நேரத்தைச் சொல்லு, அந்த நேரத்துக்கு வா, வந்தபின் முழித்திரு’ என்று கேளுங்கள். இந்த மூன்றும் நியாயமான விலை.

கேள்வி (கோயம்புத்தூர், பெண், 36): 300 கிலோமீட்டர் பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) போகப் பதிவு செய்திருக்கிறேன். கூட ஓட்டுபவர்கள் முதற்கொண்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘அப்போ குழந்தையை யார் பாத்துப்பா?’ என்ன பதில் சொல்வது?

பதினோரு வருடத்தில் என்னிடம் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. எனக்கு இரண்டு குழந்தை. இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

300-க்குக் கெடு இருபது மணி நேரம். அதாவது ஒரு முழு நாள், அதற்கு மேல் தூங்கி எழ அரை நாள். எங்கள் குழுவில் பிள்ளைகள் உள்ள பெண்கள் சிலர் பிரெவே ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னதை அப்படியே கடத்துகிறேன்: முதல் நாள் இரவு மூன்று வேளைக்கும் சமைத்து, டப்பாவில் பேர் எழுதி, ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். கிளம்பினால் நீங்கள் வீட்டிலும் இருக்கிறீர்கள், ரோட்டிலும் இருக்கிறீர்கள். தூக்கம் மட்டும் இருக்காது. தோசை மாவு எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரர் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அவருக்கும் அதே மாதம் ஒரு முழு நாள் கொடுங்கள், மீன் பிடிக்கப் போனாலும் சரி. முறை வைத்துக்கொண்டால் யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று வாரம். ஃபிட்னஸ் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம்?

தம்பி, போகும். இரண்டு வாரத்திலேயே இறங்க ஆரம்பிக்கும். திரும்பவும் வரும். முடிந்தால் வாரம் இரண்டு நாள், அரை மணி, டிரெய்னரில். நேரம் குறைந்தாலும் ஓட்டும் தீவிரம் குறையாமல் இருந்தால் பெரும்பகுதி பல வாரம் நிற்கும். நாலு மணி நேரத் தூக்கத்தோடு விடியற்காலை ஹைவேயில் மட்டும் இறங்காதீர்கள். இப்போதைக்கு உங்கள் இன்டர்வெல் எல்லாம் இரவு ஒரு மணிக்கும் மூன்றரைக்கும்தான்.

கேள்வி: அபார்ட்மென்டில் டிரெய்னர் போட்டால் கீழ்வீட்டு அங்கிள் மேலே வந்துவிடுகிறார்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் வகை வாங்கினால் சத்தம் பெரிதாக இராது. கீழே போவது அதிர்வு. அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஆறு மணிக்கு முன் வேண்டாம். தீபாவளிக்கு அங்கிளுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு. எனக்கு வேலை செய்தது கடைசி வழி.

கேள்வி (பெயர் வேண்டாம்): கார்பன் சக்கரம் வாங்கினேன். மனைவியிடம் ‘பழசு, நண்பர் கொடுத்தார்’ என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பில் எப்படியும் வெளியே வரும், அநேகமாக வருமான வரிக் காகிதங்களுக்கு நடுவில். இன்னொன்று: சைக்கிளில் போகும்போது வரும் காற்றுத் தடையில் பெரும்பகுதி உங்கள் உடம்பால் வருவது, சக்கரத்தால் இல்லை. முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தி ஓட்டக் காசில்லை. சக்கரத்துக்கு முன் என்னைக் கேட்டிருக்கலாம்.

கேள்வி (தாம்பரம்): மனைவி லாரியை நினைத்துப் பயப்படுகிறார். ரோடே வேண்டாம், டிரெய்னர் போதும் என்கிறார். எப்படிச் சமாதானம் செய்வது?

சமாதானம் செய்யாதீர்கள், அவர் பயம் சரி. அதற்கு வார்த்தையால் பதில் கிடையாது, செய்கையால்தான். பகலிலும் எரியும் பின்விளக்கு. காதில் எதுவும் மாட்டாமல் ஓட்டுவது. போனில் லைவ் லொகேஷன் ஓடிக்கொண்டே இருப்பது. டேர்ம் இன்ஷூரன்ஸ், விபத்துக் காப்பீடு இரண்டும் எடுத்து, காகிதம் எங்கே என்று அவருக்குக் காட்டிவிடுவது. சங்கடமான பேச்சுதான், நானும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

ஜனவரியில் சென்னையில் சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும். நாலரைக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் இருட்டில் ஓட்டுகிறீர்கள். அதனால் டிசம்பர், ஜனவரியில் மட்டும் எங்கள் வீட்டு ஏழரை எட்டரை ஆகும். அது முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்தது.

கேள்வி: குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். சைக்கிளை எடுத்துப் போகலாமா, அடி விழுமா?

எடுத்துப் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது பாவம். ஆனால் மேலே லாட்ஜில் எல்லோரும் தூங்கும்போது இறங்கி, ஏறி, காலைச் சாப்பாட்டுக்கு மேஜையில் இருக்க வேண்டும். ஒரு நாள் மட்டும். போன கோடையில் கொல்லிமலை போகலாம் என்று நான் ஆர்வமாகச் சொன்னபோது மகன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, ‘எழுபது ஹேர்பின் பெண்ட், அதான் இவ்ளோ ஆசை’ என்றான். கடைசியில் ராமேஸ்வரம் போனோம். தரைமட்டம், எதிர்காற்று.

கேள்வி (மதுரை): 2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என் கனவு. மகன் அந்த வருடம் மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறான். என்ன செய்வது?

தெரியாதவர்களுக்கு: பிரான்சில் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு வருடத்துக்கு ஒரு முறை, 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். ஆகஸ்டில் நடக்கும் நான்கு நாள் சமாச்சாரம் மாதிரி தெரியும். அப்படி இல்லை. அந்த வருடமே 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவே நான்கையும் முடித்துத் தகுதி பெற வேண்டும். 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இந்த ஓட்டங்களில் சில அவன் ரிவிஷன் டெஸ்ட் எழுதும் மாதங்களில் வந்து விழும். ஆகஸ்டில் கவுன்சலிங், காலேஜ், ஹாஸ்டல். முந்தைய வருடம் நீண்ட பிரெவே முடித்தவர்களுக்கு முன்பதிவில் முன்னுரிமை என்பதால் 2026-உம் கணக்கில் சேரும்.

நானாக இருந்தால் 2031-க்குத் தள்ளுவேன். உங்கள் வயதைச் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் அதில் கூட்டம் கூட்டமாக முடிக்கிறார்கள். ஆனாலும் மகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பா வீட்டில் இல்லாத சனி ஞாயிறு நிம்மதியாகப் படிக்கலாம் என்று அவன் நினைக்கவும் வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் உங்கள் மனைவி ஒப்புக்கொள்வாரா?

எழுதியதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு திருத்தம் சொன்னார். மூன்றாவது இடம் வந்த அன்று ஏழு பேர் இல்லை, ஆறு பேர். அப்புறம், ‘ஏழரைன்னா ஏழரைன்னு எழுதியிருக்கீங்களே, போன ஞாயிறு ஏழு ஐம்பது.’