இரண்டாம் வகை என்றால் கரை உடையப்போகிறது என்று பொருளல்ல

அண்ணாச்சி, நெல்லை மாவட்டம் களக்காட்டுப் பக்கம் உங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் சிறிய மண் அணையின் ஆய்வுத் தாளில் "அபாயம் அதிகம், குறை இரண்டாம் வகை" என்று இருப்பதைப் பார்த்து, வீட்டைக் காலி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். அவை இரண்டும் வெவ்வேறு கணக்கு.

அபாய வகை கரையின் நிலையைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே எத்தனை வீடு, எத்தனை உயிர் என்பதைத்தான் சொல்கிறது. புத்தம்புதுக் கரைக்குக் கீழே ஊர் இருந்தாலும் "அதிகம்" என்றுதான் எழுதுவார்கள். கரையின் உடல்நிலையைச் சொல்வது குறை வகை. முதல் வகை என்றால் உடைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய பெருங்குறை. இரண்டாம் வகை உடனே செப்பனிட வேண்டியது. மூன்றாவது சில்லறை வேலை.

அந்த "உடனே" என்ற சொல்லை மட்டும் யாரும் மறக்க விடாதீர்கள். 2023 டிசம்பர் மழையில் நம் பக்கத்துக் குளக்கரைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள்தானே நாம்.

கரையின் வெளிச்சரிவு அடியில் கசிவு இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிந்த நீர் என்றால் அளவு கூடுகிறதா என்று கவனித்தால் போதும். அடியில் மண் படிந்தால், கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. அன்றைக்கே பொறியாளரிடம் சொல்ல வேண்டும். சரிவில் சீமை உடை (சீமைக் கருவேல மரம்) முளைத்திருக்கிறதா, மிகைநீர் வழிந்து போகும் மறுகாலை யாராவது மண்மூட்டை போட்டு உயர்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மீன் குத்தகைக்காரர்கள் வலை கட்டி மறுகாலை அடைப்பதும் உண்டு.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, படத்தோடு இங்கே எழுதுங்கள்.